ஒரு லோடு செம்மண்ணோடு வந்தவை: திருச்சி வீட்டுக் கொல்லை ஒன்றில் தானாய் முளைத்த செடிகள்

திருச்சி வயலூர் ரோட்டை ஒட்டி, உய்யக்கொண்டான் வாய்க்கால் தண்ணீரில் நெல் விளைந்த வயல்கள் பல இப்போது மனைகளாகிவிட்டன. அப்படி ஒரு மனையில் கட்டிய வீடு இது. பின்பக்கம் ஒரு சென்ட்டுக்குச் சற்றுக் குறைவான கொல்லை. புரட்டாசியில் வீட்டுக்காரர் ஒரு டிராக்டர் லோடு செம்மண் இறக்கினார். மரக்கன்றுக் குழிகளுக்கு ஆட்டுப் புழுக்கை மூட்டைகள் வந்தன. வாசலுக்கு நர்சரியிலிருந்து தொட்டிச் செடிகள். கத்தரியும் அரைக்கீரையும் விதைத்தார்கள். ஐப்பசி மழை பிடித்ததும் விதைத்தது பாதிதான் முளைத்தது. விதைக்காதது முழுசாக முளைத்தது.

அந்த வீட்டு அம்மா மணப்பாறைப் பக்கம் புஞ்சைக் காட்டில் வளர்ந்தவர். பார்த்த செடிக்கெல்லாம் ஒரு பெயரும் ஒரு துவையலும் வைத்திருப்பவர். மருமகள் திருச்சி டவுனில் பிறந்தவர். எதைக் கண்டாலும் போனை நீட்டி கூகுள் லென்ஸில் கேட்பார். நாலைந்து செடிகளில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. தாவரவியல் படித்தவன், பக்கத்துத் தெருவில் இருப்பவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். "அத்தை இதைக் கடையப் போறேங்கிறாங்க அண்ணா. போன் வேற பேரு சொல்லுது. நீங்க வந்து ஒரு தடவை பாத்துடுங்க" என்பதுதான் எனக்கு வந்த அழைப்பு.

எதைத் தின்னலாம், எதை விட்டு வைக்கலாம், எதைப் பிடுங்க வேண்டும் என்ற மூன்றே கேள்விகள். இவற்றில் முதல் கேள்விக்குத் தவறான விடை சொன்னால் ஆஸ்பத்திரி வரை போகும்.

செடிக்கு முன்னால் மண்

பிடுங்கிய செடியைக் கையில் கொண்டுவந்து "இது என்ன?" என்று கேட்பதுதான் வழக்கம். பிடுங்கிய அந்த நிமிஷமே பாதித் தகவல் போய்விடுகிறது. எந்த மண்ணில் நின்றது, தனியாகவா கூட்டமாகவா, படர்ந்ததா நிமிர்ந்ததா, பக்கத்தில் வேறு என்னென்ன நின்றன என்பதையெல்லாம் பிறகு யாரைக் கேட்பது? அதனால் எதையும் தொடாமல் கொல்லையை முதலில் ஒரு சுற்று நடந்தோம்.

நடந்து பார்த்ததில், அது ஒரு தோட்டமாகவே இல்லை. நான்கு வெவ்வேறு ஊர்களாக இருந்தது. துவைக்கிற கல்லைச் சுற்றி மேல்மண் போடாத இடத்தில் பழைய வயல் களிமண் அப்படியே கிடந்தது. வாசலில் நர்சரித் தொட்டிகள். மதில் ஓரம் முருங்கைக்கும் எலுமிச்சைக்கும் புழுக்கை போட்ட குழிகள். நடுவில் செம்மண் கொட்டிய பாத்தி. ஒவ்வொரு இடத்துக்கும் செடிகள் வந்த வழி வேறு. வயல் களிமண்ணில் இருப்பவை பெரும்பாலும் அந்த வயலின் பழைய களைகள். தொட்டியில் வந்தவை நர்சரியின் சொத்து. புழுக்கையில் வந்தவை ஆடு தின்றவை. செம்மண்ணில் வந்தவை எங்கேயோ ஒரு தரிசில் நின்றவை. லோடு கொண்டுவந்த டிராக்டர்காரரிடம் போனில் கேட்டதில், மணப்பாறை ரோட்டோரம் ஒரு கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய மண் என்று சொன்னார். இந்தத் தகவல் பின்னால் மிகவும் உதவியது.

கடைசியாக, மதிலின் மேல் ஒரு கொடி படர்ந்திருந்தது. அது மண்ணோடு வந்ததாகத் தெரியவில்லை. பறவை எச்சத்தில் வந்திருக்க வேண்டும். அதைப் பற்றிப் பிறகு.

துவைக்கிற கல், தொட்டி, புழுக்கை

துவைக்கிற கல் பக்கம் வேலை சீக்கிரம் முடிந்தது. கோரை, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி மூன்றும் நெல் வயலின் நிரந்தரக் குடிகள். கோரையின் தண்டை விரலில் உருட்டினாலே மூன்று பட்டை தட்டுப்படும். புல்லுக்கு அது கிடையாது. பொன்னாங்கண்ணிக்குக் கணுவில் காம்பே இல்லாமல் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பூங்கொத்து அடையாளம். அதே கொத்து காய்ந்து முள்ளாகக் குத்தினால் அது முள் பொன்னாங்கண்ணி, வேறு செடி.

கரிசலாங்கண்ணியில்தான் முதல் சண்டை. அதற்குச் சற்றுத் தள்ளி நின்ற வெட்டுக்காயப் பூண்டையும் மருமகள் கரிசலாங்கண்ணி என்றார். இரண்டுக்கும் எதிரெதிர் இலை, இரண்டிலும் சொரசொரப்பு, இரண்டும் சூரியகாந்திக் குடும்பம், இரண்டிலும் பூவில் வெள்ளை உண்டு. ஆனால் வெட்டுக்காயப் பூண்டின் பூ சாண் நீளக் காம்பின் உச்சியில் தனியாக நிற்கும். நடு மஞ்சள், சுற்றிலும் சில வெள்ளை இதழ்கள், ஒவ்வொரு இதழின் நுனியிலும் மூன்று பல். கரிசலாங்கண்ணியின் பூ குட்டையான காம்பில், சட்டைப் பட்டனைவிடச் சிறியதாக, நடுவும் ஓரமும் வெள்ளையாக இருக்கும். பூ இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. தண்டைக் கிள்ளி உள்ளங்கையில் கசக்கிச் சற்று நேரம் காத்திருந்தால், கரிசலாங்கண்ணிச் சாறு பச்சையிலிருந்து கருக்கத் தொடங்கும். மருமகள் இரண்டு கையிலும் ஒவ்வொன்றைக் கசக்கிக்கொண்டு நின்றார். இடது கை கறுத்தது, வலது கை பச்சையாகவே இருந்தது. அந்தக் கறை போக இரண்டு நாள் ஆனதாகப் பிறகு சொன்னார்.

பெயர் சரியாகத் தெரிந்துவிட்டது என்பதால் சமைக்கலாம் என்று ஆகிவிடாது. துவைக்கிற கல்லின் சோப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்த பொன்னாங்கண்ணியை, அது எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும், சட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது. அம்மாவுக்கு இதில் வருத்தம்தான். தண்டை ஒடித்து ஒரு சுத்தமான சாக்கில் நட்டுவிட்டால் ஒவ்வொரு கணுவும் வேர் விடும் என்று சொன்னதும் சமாதானமானார்.

தொட்டிகளில் வந்தவற்றுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. ஒளி ஊடுருவும் தண்டும் இதய வடிவ இலையும் எலிவால் போன்ற பூத்தண்டும் கொண்ட பெப்பரோமியா, தொட்டி விளிம்பில் பாசிபோல் அடர்ந்த சிற்றிலைப் பைலியா, மூவிலைப் புளியாரை. முதல் இரண்டும் அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடிகள். ஈரமான தொட்டி எங்கே போகிறதோ அங்கே போய்விடும். கேரளத்தில் பெப்பரோமியாவை மஷித்தண்டு என்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் சிலேட்டுத் துடைக்கப் பயன்படுத்திய தண்டு. மூன்றாலும் ஆபத்து இல்லை.

புழுக்கைக் குழிகளில் ஒரே மாதிரி நாற்றுகள் வரிசையாக நின்றன. "வாகைக் கன்னா தம்பி?" என்று அம்மா கேட்டார். சீமைக்கருவேலம். ஆடு அதன் நெற்றை விரும்பித் தின்னும், ஓடு தடித்த விதை வயிற்றில் சாகாமல் வெளியே வரும், புழுக்கையே உரமாகிவிடும். எரு வாங்கிப் போட்ட தோட்டங்களில் இது திரும்பத் திரும்பக் காணும் காட்சி. நாட்டுக் கருவேலமும் இதே வழியில் வரும் என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. நாட்டுக் கருவேலத்தில் இலைக்காம்பின் இருபுறமும் மூன்று முதல் ஆறு இணை கிளைக்காம்புகள், அவற்றில் மிகச் சிறிய சிற்றிலைகள். சீமைக்கருவேலத்தில் கிளைக்காம்பு ஓர் இணை அல்லது இரண்டு இணை, சிற்றிலைகள் நீண்டவை, விரல் வைத்து எண்ணலாம். இங்கே நின்றவை எல்லாம் ஓர் இணைக்காரர்கள். மழை ஈரம் இருக்கும்போதே வேரோடு இழுத்துவிட வேண்டும். ஒரு கோடை தாண்டினால் ஆணிவேர் கடப்பாரை கேட்கும். மட்கச் செய்யாத புழுக்கையை அப்படியே குழியில் கொட்டியதுதான் காரணம். குவித்து நனைத்துச் சூடேற்றி மட்க வைத்திருந்தால் இவற்றில் பெரும்பாலானவை முளைத்திருக்காது.

பாத்தியில் "சாமந்தி"

உண்மையான வேலை செம்மண் பாத்தியில்தான் இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சதுரத்தைச் சுற்றிச் செங்கல் அடுக்கி, மருமகள் தனியாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த நாற்றுகள் நின்றன. "சாமந்தி தானா முளைச்சிருக்குண்ணா" என்றார் சந்தோஷமாக.

இலை சாமந்தி மாதிரிதான் இருந்தது: ஆழமாக வெட்டுப்பட்டு, மடல் மடலாக. ஆனால் செடி எழும்பவில்லை. தண்டே தெரியாமல், இலைகள் தரையோடு ஒட்டி வட்டமாக விரிந்திருந்தன. இரண்டு பக்கமும் மெல்லிய மயிர், அதனால் ஒரு சாம்பல் பூத்த பச்சை. சாமந்தி இலையைக் கசக்கினால் வரும் அந்தக் கார வாசனை இதில் இல்லை. இன்னொன்று, சாமந்தியை நம் ஊரில் தூரிலிருந்து வரும் பக்கக் கன்றை வைத்தும் தண்டு வெட்டி நட்டும்தான் பெருக்குகிறார்கள். கட்டட மண்ணில் அது கூட்டமாகத் தானே முளைக்க வழியில்லை. ரோட்டோரக் கட்டட மண்ணில் கூட்டமாக, சாமந்தி இலையோடு, தரையில் வட்டமாக முளைப்பது பார்த்தீனியம்.

நாற்றாக இருக்கும்போது யாரும் அடையாளம் காண்பதில்லை. அதுதான் இதன் பலம். எழும்பிய பிறகு எல்லோருக்கும் தெரியும்: வரிவரியாகப் பள்ளம் ஓடிய தண்டு, உச்சியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தலைகள், ஒவ்வொரு தலையையும் உற்றுப் பார்த்தால் ஐந்து மூலைகளில் ஐந்து சின்ன இதழ். அதற்குள் காரியம் முடிந்துபோயிருக்கும். ஒரு செடி 10,000 விதைக்கு மேல் உதிர்க்கும். இந்தியாவில் இது ஒரு களையாக முதலில் கவனத்துக்கு வந்தது 1955 வாக்கில் புனேயில். இதைத் தின்னும் வண்டு ஒன்றை மெக்சிகோவிலிருந்து வரவழைத்து 1984-ல் பெங்களூருவில் விட்டார்கள். வண்டு பிழைத்துப் பரவியது. பார்த்தீனியமும் அப்படியேதான் இருக்கிறது.

செடியில் உள்ள பார்த்தெனின் என்ற நச்சுப்பொருள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் தரும். மகரந்தம் மூச்சிரைப்பைக் கிளப்பும். முதல் நாளே வராது. தொட்டுத் தொட்டுப் பழகிய பிறகு ஒரு நாள் வரும். அதனால் கையுறை போட்டுக்கொண்டு, பூக்கும் முன்பே வேரோடு பிடுங்கினோம். பூக்காத செடி உரக்குழிக்குப் போகலாம். பூத்ததைப் போடக் கூடாது. செங்கல் சதுரம் காலியானதில் மருமகளுக்கு முகம் வாடிவிட்டது.

மூக்கிரட்டையா, சாரணையா

என்னைக் கூப்பிட்டதற்கு மூலகாரணமான செடி இது. பாத்தி முழுக்கப் பாய் விரித்தாற்போல் படர்ந்திருந்தது. அம்மா மூக்கிரட்டை என்றார். லென்ஸ் ஒரு படத்துக்கு ஒன்றும் அடுத்த படத்துக்கு இன்னொன்றும் சொன்னது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். மேலிருந்து நின்றபடி எடுத்த படத்தில் தெரிவது பச்சை இலை மட்டும்தான். வேறுபாடு எல்லாம் இலைக்கு அடியிலும் கணுவிலும் இருக்கிறது.

இரண்டு செடியும் தரையில் படரும்; இரண்டிலும் எதிரெதிர் இலை; இரண்டிலும் இணையில் ஓர் இலை பெரிது, மற்றது சிறிது. இலை ஒன்றுக்கொன்று சமமில்லாமல் இருந்தால் மூக்கிரட்டை என்று பலர் எழுதுகிறார்கள். அது போதாது, சாரணைக்கும் அப்படித்தான். ஆயுர்வேதத்தில் புனர்நவா என்பது மூக்கிரட்டை. சாரணையும் அதே பெயரில் கைமாறுவது உண்டு. குழப்பம் புதியது அல்ல.

ஒரு தண்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். மூக்கிரட்டையானால் இலையின் அடிப்புறம் வெளிறி வெண்மையாக இருக்கும். இங்கே மேலும் கீழும் ஒரே பச்சை. சதைப்பற்றும் அதிகம், நகத்தால் கிள்ளினால் நீர் கசிந்தது. மூக்கிரட்டையானால் கணுவிலிருந்து மெல்லிய காம்பு நீண்டு, அதன் நுனியில் கருஞ்சிவப்புப் பூக்கள் சின்னக் கொத்தாக இருக்கும். காய் கதாயுத வடிவில், ஐந்து வரியோடு, பிசுபிசுப்பாக விரலில் ஒட்டும். இங்கே அப்படி நீண்ட காம்பே இல்லை. ஒற்றைப் பூ, கணுவிலேயே ஒளிந்திருந்தது.

கணுவில் இருந்ததுதான் முடிவைச் சொன்னது. கைலென்ஸை மருமகளிடம் கொடுத்தேன். இலைக்காம்பின் அடிப்பகுதி அகன்று, மெல்லிய சவ்வாகி, ஒரு சின்னப் பைபோல் தண்டைத் தழுவியிருந்தது. சவரப் பிளேடின் முனையால் அந்தப் பையைக் கீறினேன். உள்ளே காய், பாதி புதைந்து, பாதி வெளியே. அதன் தலையை ஊசியால் தட்டியதும் மூடி மாதிரி கழன்றது. மூடியின் மேல் விளிம்பில் இரண்டு சின்னக் கொம்பு. உள்ளே கறுப்பு விதைகள், சிறுநீரக வடிவம், மேலே சுருக்கச் சுருக்கமாக வரி. "ஐயோ, உள்ள சம்புடம் வச்சிருக்கு!" என்றார் அவர். அந்தப் பையும் மூடியும் சாரணைக்கு உண்டு, மூக்கிரட்டைக்குக் கிடையாது.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க ஊர்ல இதைத்தான் மூக்கிரட்டைனு பறிப்போம்" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஊருக்கு ஊர் பெயர் இடம் மாறும். அதனால் பெயரில் பிடிவாதம் பிடிக்காமல், பாத்தியின் மறுகோடிக்குப் போனோம். அங்கே உண்மையான மூக்கிரட்டை ஒன்றும் நின்றது. அடிவெள்ளை இலை, கருஞ்சிவப்புப் பூ. காய்க்கொத்தை அவர் புடவைத் தலைப்பில் தேய்த்ததும் ஒட்டிக்கொண்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகு, "இது ஒட்டும். அது ஒட்டாது. சரிதான்" என்றார். வேரையும் தோண்டிப் பார்க்கச் சொன்னார், ஏனென்றால் அவர் ஊரில் மருந்துக்கு எடுப்பது வேர். மூக்கிரட்டையின் ஆணிவேர் விரல் பருமனுக்குத் தடித்திருந்தது. சாரணையின் வேர் அந்தப் பருமன் இல்லை.

சாரணையையும் இளசாக இருக்கும்போது கீரையாகச் சமைக்கிறார்கள். விஷம் என்று பயமுறுத்தத் தேவையில்லை. ஆனால் ஆக்சலேட் கூடுதல். சிறுநீரகக் கல் உள்ளவருக்கு ஏற்றதல்ல. முற்றியதைத் தின்றால் வயிறு போகும். அந்த வீட்டுப் பெரியவருக்குக் கல் பிரச்சினை ஏற்கெனவே இருந்தது. முடிவு எடுக்க அது போதுமானதாக இருந்தது.

கத்தரி வரிசையில் இரண்டு

இந்தக் கொல்லையில் எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது இதுதான். இதைப் பற்றி மட்டும் யாரும் என்னிடம் கேட்கவில்லை. கத்தரி நாற்று, தானாய் வந்த மணத்தக்காளி, அரைக்கீரை எல்லாம் கலந்து நின்ற வரிசையில் இரண்டு செடிகள் மட்டும் சற்று வாளிப்பாக இருந்தன. அம்மாவின் வழக்கம், வரிசையில் கிடைத்த இளந்தளிரையெல்லாம் கிள்ளி மடியில் போட்டுக் கலவைக் கீரையாகக் கடைவது.

ஊமத்தை. கத்தரி, மணத்தக்காளி, ஊமத்தை மூன்றுமே ஒரே குடும்பம் என்பதால் இளசில் ஒன்றுபோல் இருக்கும். பிரித்துப் பார்க்க மூன்று இடங்களைப் பார்த்தோம். இலையின் அடி: ஊமத்தையில் நடுநரம்புக்கு ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் காம்பில் சேரும்; மணத்தக்காளியில் இலைப் பரப்பு இருபுறமும் ஒன்றாகக் குறுகிக் காம்போடு இறங்கிப் போகும். தொடுகை: கத்தரி இலை மெத்தென்று, அடியில் மாவு பூசியதுபோல் இருக்கும், ஊமத்தை இலை வழவழப்பாக, தண்டு ஊதா ஓடியிருந்தது. வாசனை: ஊமத்தை இலையைக் கசக்கினால் குமட்டும். ஒரு தடவை முகர்ந்தவர் மறக்க மாட்டார். மணத்தக்காளியில் அந்த வாடை இல்லை. பூ வந்தால் சந்தேகமே இல்லை: மணத்தக்காளியில் மஞ்சள் மூக்கு நீட்டிய சின்ன வெள்ளைப் பூக்கள், ஊமத்தையில் ஒரு சாண் எக்காளம். ஆனால் கீரை கிள்ளுவது பூக்கும் முன்பு.

ஊமத்தையில் அட்ரோபின், ஸ்கோபோலமைன் வகை நச்சு ஆல்கலாய்டுகள் உண்டு. தின்றவருக்கு வாய் வறளும், கண் பாவை விரிந்து பார்வை மங்கும், இதயம் படபடக்கும், உடம்பு கொதிக்கும், சிறுநீர் அடைபடும், பிறகு உளறல். வேகவைத்தால் போய்விடும் என்று நம்பக் கூடாது. அந்த வெப்பத்துக்கு இவை அசையாதவை. 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் பாக்கெட்டில் விற்ற பசலைக் கீரையில் ஊமத்தை இனக் களை கலந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த அறிகுறிகள் வந்தன. கீரையைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். இயந்திர அறுவடைப் பண்ணையிலேயே தப்பிப்போகும் செடி, பொழுது மங்கியபின் மடியில் கிள்ளும் கீரையில் தப்பாதா?

அம்மாவுக்கு ஊமத்தை நன்றாகத் தெரியும், காயும் பூவுமாக. நாற்றாக அவர் அதைக் கவனித்ததே இல்லை, கவனிக்கத் தேவையும் வந்ததில்லை. புஞ்சைக் காட்டில் கீரை ஓர் இடத்தில், ஊமத்தை குப்பைமேட்டில். இங்கே குப்பைமேட்டு மண்ணே பாத்திக்கு வந்துவிட்டது. டிராக்டர்காரர் சொன்ன ரோட்டோரத் தகவல் இல்லாதிருந்தால் நானும் அந்த வரிசையில் ஊமத்தையைத் தேடியிருக்க மாட்டேன்.

கீழாநெல்லி

பாத்தியின் ஓரத்தில் கீழாநெல்லி நிறைய. இதில் சண்டை இல்லை, ஆனாலும் ஒன்று பார்க்க வேண்டியிருந்தது. கீழாநெல்லி என்று நம் கைக்கு வருவது ஒரே செடி அல்ல. பில்லாந்தஸ் என்ற பேரினத்தில் பல சகோதரர்கள் உண்டு. இலைக்கொத்தைத் திருப்பினால் அடியில் வழவழப்பான காய்கள் சின்னக் காம்பில் தொங்கினால் பில்லாந்தஸ் அமாரஸ், அதாவது வழக்கமான கீழாநெல்லி. காய் காம்பில்லாமல் ஒட்டி, மேலே பருக்கள் இருந்து, தண்டிலும் சிவப்பு ஓடினால் சிவப்புக் கீழாநெல்லி. கொல்லையில் இரண்டும் இருந்தன. பழைய புத்தகங்களில் பில்லாந்தஸ் நிரூரி என்று போட்டிருப்பது அமெரிக்கச் செடியின் பெயர். நம் ஊர்க் கீழாநெல்லிக்கு அது பொருந்தாது.

செடியின் சரியான பெயர் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1988-ல் தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க்கோடு சேர்ந்து, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி தாங்கியவர்களுக்கு அமாரஸ் பொடி கொடுத்துப் பார்த்ததை லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றார்கள். பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் வரவில்லை. எந்த இனம், எந்த ஊர்ச் செடி, எப்போது பறித்தது என்ற விவாதமும் அதோடு எழுந்தது. மஞ்சள் காமாலைக்குக் காரணங்கள் பல. கொல்லையில் கீழாநெல்லி இருக்கிறதே என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள் என்று அந்த வீட்டில் சொன்னேன். அம்மா தலையாட்டினார், மோருக்கு மட்டும் கொஞ்சம் பறித்துக்கொண்டார்.

மதில் மேல் கொடி

கடைசிச் செடிக்கு அன்று பெயர் வைக்க முடியவில்லை. மடல் மடலான இலை, பூ இல்லை, காய் இல்லை. அம்மா கோவைக்கொடி என்று துவையலுக்குக் கை நீட்டினார். மருமகளின் போன் முசுமுசுக்கை என்றது. முசுமுசுக்கையானால் தண்டும் இலையும் உப்புத்தாள்போல் சொரசொரக்கும். இங்கே லேசான சொரசொரப்புதான். கோவையானால் இலை வழவழப்பாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நின்றது இது.

கொடி பற்றி ஏறும் சுருளான பற்றுக்கம்பியைப் பார்த்தேன். கோவையிலும் முசுமுசுக்கையிலும் அது ஒற்றைக் கம்பி. இங்கே ஒவ்வொரு கம்பியும் கொஞ்ச தூரம் போய் இரண்டாகப் பிரிந்து, இரண்டு முனையும் தனித்தனியாகச் சுருண்டிருந்தன. அதுவே அந்த இரண்டு பெயரையும் தள்ளிவிடப் போதுமானது. மூன்றாவது பெயர் மனதில் இருந்தது. ஆனால் இலையை மட்டும் வைத்துச் சொல்ல மனம் வரவில்லை. காய்க்கும்வரை யாரும் கிள்ள வேண்டாம், ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வையுங்கள் என்று சொன்னேன்.

மார்கழியில் மருமகள் படம் அனுப்பினார். கோலிக்குண்டு அளவில் உருண்டைக் காய்கள், பச்சையில் வெள்ளைக் கோடுகள். சில பழுத்துச் சிவந்திருந்தன, கோடு அப்படியே இருந்தது. ஐவிரலி. பழம் நஞ்சென்று பதிவாகியிருப்பது. படத்தோடு ஒரு குரல் செய்தி, அம்மாவுடையது: "தம்பி, இந்தக் காயை எங்க ஊர் வேலியில நெறையப் பாத்திருக்கேன். புள்ளைங்க பறிச்சு விளையாடும், யாரும் வாயில வைக்க மாட்டோம். இலையைப் பாத்துத்தான் தெரியாமப் போச்சு." கொடியை வேரோடு எடுத்து, பழுத்தவற்றைப் பறவைக்குக் கிடைக்காமல் ஒரு பையில் கட்டிப் போட்டார்கள்.

செம்மண் பாத்தியில் இப்போது வெண்டையும் கத்தரியும் மட்டும் நிற்கின்றன. ஊமத்தை விதை மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும் என்பதால் அந்த இடத்தில் கீரை விதைப்பதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். கீரைக்கு மாடியில் சாக்குகள், அடுப்படிக் கழிவில் மட்கிய எரு. மூக்கிரட்டை ஒன்றை மட்டும் அம்மா கொல்லை மூலையில் விட்டு வைத்திருக்கிறார். சாரணை இன்னும் மழைக்கு மழை முளைக்கிறது, மருமகள் கணுவைப் பார்த்துப் பிடுங்குகிறார்.